எடை வைக்கும் முன் ஒரு மணி நேரம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆலைப் பராமரிப்பு, உற்பத்திப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். சுழலும் மெஷின்களை அவை நிற்கும் இடத்திலேயே பேலன்ஸ் செய்து கொடுப்பது, அதாவது ஒரு பக்கம் கனம் கூடி ஆடும் பாகத்தை எதிர்ப்பக்கத்தில் எடை வைத்துச் சரிசெய்வது, என் தொழில். "ஃபேன் ரொம்ப ஆடுது, வந்து பேலன்ஸ் பண்ணிக் கொடுத்துட்டுப் போங்க" என்றுதான் பெரும்பாலும் அழைப்பு வரும். ஆடுவதை நீங்கள் கவனித்துவிடுகிறீர்கள். ஆனால் ஏன் ஆடுகிறது என்பதையும் நான் வந்து சேருவதற்குள் முடிவு செய்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஓர் ஆலையில் புகையை இழுத்துப் புகைபோக்கிக்குத் தள்ளும் பெரிய ஐடி ஃபேன். குறுகிய காலத்தில் மூன்றாவது தடவையாக பேலன்சிங். உள்ளே போய்ப் பார்த்தால், இம்பெல்லரில் (பிளேடுகள் உள்ள சக்கரத்தில்) முன்பு வெல்டு செய்த எடைகள் இரண்டு, கிட்டத்தட்ட எதிரெதிரே. ஒன்று செய்ததை மற்றது அழித்துக்கொண்டிருந்தது. கனம் கூடிய பக்கம் இடையில் மாறியிருந்தால் ஒழிய அப்படி அமையாது. மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு பிளேடாகச் சிறு சுத்தியலால் தட்டினேன். மற்றவை கணீரென்றன. இரண்டு மட்டும் மண்பானையைத் தட்டியதுபோல் மொத்தென்றன. உள்ளே கூடான பிளேடுகள் அவை. சாம்பல் அரித்து முன்விளிம்பில் மிளகளவு ஓட்டை விழுந்து, அதன் வழியே தூசி புகுந்து நிரம்பியிருந்தது. முதலில் ஒரு பிளேடு, பிறகு எதிர்ப்பக்கத்துப் பிளேடு. தூசியைக் கொட்டி, ஓட்டையை அடைத்து, பழைய எடைகளை வெட்டியெடுத்த பிறகு தேவைப்பட்டது விரலளவு இரும்புத் துண்டுதான்.

முதல் தடவையே தட்டிப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எனக்கு முன்பு வந்தவருக்கு அதற்கு நேரம் தரப்படவில்லை. "ரெண்டு ரன்னுல (ரெண்டு தடவை ஓட்டிப் பார்க்கிறதுக்குள்ள) முடிச்சிடுங்க, லைன் ஓடணும்" என்பதுதான் எனக்கும் சொல்லப்பட்டது.

மையத்திலிருந்து 400 மில்லிமீட்டர் தள்ளி வெறும் 50 கிராம் கூடுதலாக இருந்தால், 1,500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1,500 சுற்றில்) அது ஏறக்குறைய 50 கிலோ எடைக்கு நிகரான விசையாகி, நொடிக்கு 25 சுற்று பேரிங்கை இழுக்கும். வேகம் இரட்டித்தால் விசை நாலு மடங்கு. பால் பேரிங் மீது விழும் சுமை இரண்டு மடங்கானால் அதன் ஆயுள் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். அவசரத்தில் மிச்சம் பிடித்த ஒரு மணி நேரத்துக்கான விலையை அந்த பேரிங்தான் கொடுக்கிறது.

சுத்தம் செய்யாத இம்பெல்லரை பேலன்ஸ் செய்யச் சொல்லாதீர்கள். ஃபேன்களுக்கு வழக்கமான ஜி 6.3 என்ற பேலன்ஸ் தரத்தில், 100 கிலோ ரோட்டர் (சுழலும் பாகம்) 1,500 ஆர்பிஎம்மில் ஓடினால், அதே 400 மில்லிமீட்டரில் இரண்டு பக்கமும் சேர்த்து மிஞ்சலாம் என்று அனுமதிக்கும் கூடுதல் கனம் சுமார் 10 கிராம். பிளேடில் ஒட்டிய ஒரு பிடி சாம்பல் உதிர்ந்தால் போதும், செய்த வேலை வீண்.

அதிர்வு சுழல் வேகத்திலேயே, அதாவது சுற்றுக்கு ஒரு தடவை, தெரிந்தால் அது பேலன்ஸ் கோளாறுதான் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. வளைந்த ஷாஃப்டும் அப்படித்தான் காட்டும். ஃபவுண்டேஷனின் இயல்பதிர்வெண்ணுக்கு (அது தானாக அதிரும் வேகத்துக்கு) அருகில் ஓடும் மெஷினும் அப்படித்தான் காட்டும். அங்கே வேகம் கொஞ்சம் மாறினாலே ஃபேஸ் கோணம் (சுற்றில் எந்தக் கோணத்தில் அதிர்வு உச்சமாகிறது என்பது) தாவும், ட்ரையல் எடை (சோதனைக்கு வைக்கும் எடை) வைத்துப் போட்ட கணக்கு நிற்காது. தளர்ந்த போல்ட்டை எத்தனை கிராம் வைத்தும் இறுக்க முடியாது. ஆகவே நான் "இன்னைக்கு எடை வைக்க வேண்டாம், முதல்ல அலைன்மென்ட் பாருங்க, மோட்டார் ஷாஃப்டும் ஃபேன் ஷாஃப்டும் ஒரே கோட்டுல இருக்கான்னு" என்று சொன்னால், வேலை தெரியாதவன் என்று எண்ண வேண்டாம்.

இன்னொன்று. எடையை வெல்டு செய்யும்போது எர்த் கிளாம்பை (வெல்டிங் கரண்ட் திரும்பிப் போகும் கேபிளின் பிடியை) இம்பெல்லரிலேயே, வெல்டுக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். கேஸிங்கில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் பாயும். உருளைகளும் ஓடுபாதையும் பொரிந்துபோகும். அதிர்வைக் குறைக்க வந்தவரே அடுத்த அதிர்வுக்கு வித்திட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

வேலை முடிந்ததும் வைத்த எடை, கோணம், ஆரம், ஓடிய வேகம், முன்னும் பின்னும் எடுத்த அதிர்வு அளவு, ஃபேஸ் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி, அந்த மெஷினின் ஃபைலில் வையுங்கள். எதிரெதிரே இருந்த அந்த இரண்டு எடைகளைப் பற்றி ஒரு வரி கூட எங்கும் எழுதப்படவில்லை. எழுதியிருந்தால், இரண்டாவது எடையை வைக்க வந்தவர் சுத்தியலைக் கையில் எடுத்திருப்பார்.

இப்படிக்கு,
ஒரு பேலன்சிங் தொழிலாளி