ஒளிப்படக் கலைச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஆனி, ஆடி மாதங்களில் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் எப்படி வீசும் என்பது நாம் அறிந்ததே. தோட்டத்தில் ஒரு செம்பருத்தியை அருகிலிருந்து படமெடுக்க அரை நாள் காத்திருந்து வெறுங்கையோடு திரும்பிய அனுபவம் நம்மில் பலருக்கும் உண்டு. எனவே இவ்வாண்டு மலர்களையும் நீர்த்துளிகளையும் வீட்டுக்குள்ளேயே மேக்ரோ முறையில், அதாவது மிக அருகிலிருந்து பெரிதாக, எடுத்துப் பழகுவது என்று செயற்குழு முடிவு செய்தது.

முதல் பயிற்சி நம் மூத்த உறுப்பினர் ஒருவரின் தொட்டிக்கட்டு வீட்டில் நடந்தது. நடுமுற்றத்தின் வழியே இறங்கும் வெளிச்சம் முற்றத்தை ஒட்டிய கூடமான ஆசாரத்தை எட்டும்போது மென்மையாகிவிடுவதால் ஃப்ளாஷே தேவைப்படவில்லை. எதிர்ப்புறம் வைத்த ஒரு தெர்மாகோல் அட்டையே நிழலைப் போக்கப் போதுமானதாக இருந்தது. மின்விசிறியை நிறுத்திய பிறகுதான் காம்பின் ஆட்டம் நின்றது. விலையுயர்ந்த மேக்ரோ லென்ஸ் இல்லாதவர்கள், லென்ஸைக் கேமராவிலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்தும் எக்ஸ்டென்ஷன் ட்யூபையும், பழைய 50 மி.மீ. லென்ஸைத் திருப்பி மாட்டும் ரிவர்ஸ் ரிங்கையும் கொண்டு எடுத்த படங்கள் எவ்விதத்திலும் குறைந்தவையல்ல என்பதை மகிழ்ச்சியுடன் பதிவு செய்கிறேன்.

துளிக்குள் பூவைக் காட்டும் படமே எல்லோருக்கும் கடினமாக இருந்தது. புல் நுனியில் தொங்கும் துளி குவிலென்ஸாகச் செயல்படுவதால், பின்னால் வைத்த பூ அதற்குள் தலைகீழாகத் தெரிகிறது. ஆகவே பூவைத் தலைகீழாக வைத்தால் படத்தில் நேராக வரும். ஆனால் அந்த உருவம் துளியின் விளிம்பு இருக்கும் தளத்தில் விழுவதில்லை. அதற்குச் சில மில்லிமீட்டர் முன்னால், கேமராவின் பக்கமாக விழுகிறது. பொருளை அதன் இயல்பான அளவிலேயே சென்சாரில் பதிக்கும்போது, லென்ஸின் ஒளித்துளையை எஃப் 8 அளவுக்குச் சுருக்கினால்கூடத் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். பூ தெளிந்தால் விளிம்பு மங்குவதும், விளிம்பு தெளிந்தால் பூ மங்குவதும் இதனால்தான். துளையை எஃப் 22 வரை சுருக்கிப் பார்த்தவர்களுக்கு ஒளி விளிம்பு விளைவால், அதாவது சிறு துளை வழியே செல்லும் ஒளி வளைந்து பரவுவதால், படம் முழுவதுமே மழுங்கியது. ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்துக் கணினியில் ஒன்றிணைப்பதே சரியான வழி என்று கண்டோம். நான் இதைப் புரிந்துகொள்ள மூன்று மாதங்கள் ஆயின.

பொங்கலையொட்டி வீட்டில் கட்டும் காப்புக் கட்டுக்கு வாங்கிய கொத்தில் மீந்த ஆவாரம்பூவையும் பூளைப்பூவையும் மறுநாள் காலையில் எடுத்த படங்களே இவ்வாண்டில் என் மனத்துக்கு மிக நெருக்கமானவை. பூளையின் வெண்பஞ்சில் சிரிஞ்சால் வைத்த துளி நனைந்து பரவாமல் முத்துப்போல் நின்றது. சேம்பு இலையிலும் அப்படியே நின்றது; மல்லிகை இதழில் சற்றே படிந்தது. எந்தப் பரப்பில் துளி எப்படி அமரும் என்று தெரிந்துகொள்வதே இக்கலையில் பாதி என்பது என் கருத்து.

தண்ணீரில் கிளிசரின் கலப்பது பற்றிச் செயற்குழுவில் நெடுநேரம் விவாதம் நடந்தது. கிளிசரின் துளி எளிதில் உலராது, உருண்டையாக நிற்கும். வீட்டில் நிதானமாக எடுக்க அது பெரிய உதவி. ஆனால் அப்படத்துக்குப் ‘பனித்துளி’ என்று தலைப்பிடுவது பார்ப்பவரை ஏமாற்றுவதாகும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். சங்கக் கண்காட்சிக்கு வரும் படங்களில் கிளிசரின் பயன்படுத்தியிருந்தால் குறிப்பில் எழுத வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சங்கத்தின் எக்ஸ்டென்ஷன் ட்யூபுகளை எடுத்துச் சென்றுள்ள உறுப்பினர்கள் ஆடிப் பதினெட்டுக்குள் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பயிற்சிக்குப் புதிய உறுப்பினர்கள் காத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
செயலாளர்