மதுரை மாவட்டப் பேரிடர் மேலாண்மைப் பணியிடங்கள் சிலவற்றுக்கு வழக்கமான பணித்தேர்வு விதிகளிலிருந்து விலக்குக் கோரும் மனு

அனுப்புநர்
துணை வட்டாட்சியர் (ஓய்வு),
செல்லூர், மதுரை.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் மற்றும்
மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத் தலைவர் அவர்கள்,
மதுரை மாவட்டம்.

பொருள்: பேரிடர் மேலாண்மை – மாவட்ட அவசரக் கட்டுப்பாட்டு அறை மற்றும் களப் பணியிடங்கள் 20 – வழக்கமான தேர்வு விதிகளிலிருந்து வரையறுத்த விலக்கு – அரசுக்குக் கருத்துரு அனுப்பக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு வணக்கம்.

வருவாய்த் துறையில் 34 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மனுக்களுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தவன், இன்று இந்தப் பக்கம் வரிசையில் நின்று ஒரு மனு தருகிறேன். பட்டா மாறுதலும் இல்லை, முதியோர் உதவித்தொகையும் இல்லை. நான் கேட்பது தங்கள் கையெழுத்தோடு முடிந்துவிடுகிற காரியமும் இல்லை. ஆனால் அரசுக்குக் கருத்துரு தங்கள் அலுவலகத்திலிருந்துதான் போக வேண்டும் என்பதால் தங்களிடம் வந்திருக்கிறேன்.

முதலில் ஓர் இரவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஊரையும் ஆண்டையும் எழுதவில்லை. அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்களில் சிலர் இன்னும் பணியில் இருக்கிறார்கள். அவர்கள் மேல் தவறும் இல்லை.

தென்மாவட்டம் ஒன்றின் அவசரக் கட்டுப்பாட்டு அறை. ஐப்பசி அடைமழை. இரவு இரண்டு மணி தாண்டி, மாவட்டப் பேரிடர் உதவி எண்ணான 1077-க்கு ஓர் அழைப்பு. “பெரிய கண்மாய்க் கரை அறுக்கிறது, உடனே ஆள் அனுப்புங்கள்” என்றதோடு இணைப்பு போய்விட்டது. எடுத்தவர் நில எடுப்புப் பிரிவிலிருந்து மாற்றுப்பணியில் வந்து மூன்று வாரமே ஆன இளநிலை உதவியாளர். நல்ல பையன், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பதிவேட்டில் நேரம், செய்தி, எடுத்த நடவடிக்கை என்று எல்லாக் கட்டங்களையும் அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்பினார். ஆனால் நம் பக்கத்தில் எந்த ஊரில்தான் பெரிய கண்மாய் இல்லை? திரும்ப அழைத்தால் அந்தக் கைபேசி அணைந்து கிடந்தது. எந்தப் பகுதி அழைப்பு என்று ஒருவாறு ஊகித்துப் பார்த்ததில், அடுத்தடுத்த இரண்டு ஊர்களில் இரண்டு பெரிய கண்மாய்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். மணல் மூட்டை லாரியும் ஜேசிபியும் அங்கே போய்ச் சேர்ந்தபோது, கண்மாய் நிரம்பினால் மிகுநீர் வெளியேறும் கலுங்கில் தண்ணீர் பாட்டுக்கு மறுகால் போய்க்கொண்டிருந்தது.

ஜேசிபி சத்தம் கேட்டு மொபெட்டில் ஒரு பெரியவர் வந்தார். அந்தப் பாசனத்துக்கு நீர்பாய்ச்சியாக இருந்தவர். டார்ச்சைக் கலுங்கின் மேல் அடித்துவிட்டு, “இங்கே கரை உடைந்திருந்தால் கலுங்கு இந்நேரம் நின்றிருக்கும் சார். மேற்கே உள்ள கண்மாய்க்குப் போங்கள். அங்கே நடுமடைக்குப் பக்கத்தில் போன கோடையிலேயே நண்டு வளை பார்த்தேன்” என்றார். போனோம். அவர் சொன்ன மடைக்குப் பத்தடி தள்ளித்தான் உடைப்பு. அதற்குள் நாற்பது நிமிடம் வீணாகியிருந்தது. உயிர்ச்சேதம் இல்லை, நடவு முடிந்த வயல்கள்தான் மண்மூடிப் போயின. அந்தத் ‘தான்’ அறிக்கை எழுதுகிறவனுக்கு எளிது.

மறுநாள் அந்தப் பெரியவருக்கு ஒரு நாள் கூலியாவது கொடுக்கலாம் என்று பார்த்தேன். கணக்குத் தலைப்பு இல்லை. மழைக்காலம் முடிகிற வரை அவரைக் கட்டுப்பாட்டு அறையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று குறிப்பு எழுதினேன். கோப்பு திரும்பி வந்தது: வயது 50-ஐத் தாண்டியவர், பத்தாம் வகுப்பு தேறாதவர், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு இல்லாதவர், மேலும் அப்படி ஒரு பணியிடமே அனுமதிக்கப்படவில்லை. ஒவ்வொரு காரணமும் விதிப்படி சரி. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தோம்.

இந்த மனுவின் காரணம் அந்தக் கோப்புதான்.

பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன் 50ஆவது பிரிவு தாங்கள் அறிந்தது. மீட்புக்கும் நிவாரணத்துக்கும் பொருள் உடனடியாக வேண்டும் என்று ஆணையம் கருதி அனுமதித்தால், ஒப்பந்தப்புள்ளி கோரும் நடைமுறை கைவிடப்பட்டதாகவே கொள்ளப்படும். மணல் மூட்டையை டெண்டர் இல்லாமல் வாங்கலாம். அதை எந்தக் கரையில் போட வேண்டும் என்று தெரிந்த ஆளுக்கு மட்டும் பணியிட ஒப்புதல், நிதித்துறை இசைவு, விளம்பரம், எழுத்துத் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு எல்லாம் உண்டு. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடுகிறது. கோப்பு சென்னை போய்த் திரும்புவதற்குள் தை பிறந்து, பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டும் முடிந்திருக்கும்.

மதுரைக்கு இது ஏன் முக்கியம் என்று தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் கருத்துருவில் இடம்பெற வேண்டும் என்பதால் எழுதுகிறேன். 2018 பிப்ரவரி 2 இரவு மீனாட்சி அம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ. 2020 தீபாவளி விடியற்காலையில் விளக்குத்தூண் பக்கம் பழைய கட்டடத்தில் தீயை அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் இருவர் இடிபாட்டில் மாண்டார்கள். 2022 ஏப்ரலில் கள்ளழகர் ஆற்றில் இறங்கிய நாளில் நெரிசலில் இருவர் இறந்தார்கள். 2023 ஆகஸ்ட் 26 விடியலில் நிலையத்தருகே நிறுத்தியிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், உள்ளே கொண்டுவந்திருந்த எரிவாயு சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் கருகினார்கள். பழங்கட்டடத்தின் பளுவைக் கணிக்கத் தெரிந்தவர், கூட்டத்தின் ஓட்டத்தைப் படிக்கத் தெரிந்தவர், எரிவாயுவைக் கையாளத் தெரிந்தவர் என்று ஒவ்வொன்றுக்கும் வேண்டியது வேறு வேறு ஆள். பொதுத் தேர்வு எழுதி இளநிலை உதவியாளராக வருகிறவருக்கு இவற்றில் ஒன்றும் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. தெரிந்துகொள்ளத் தொடங்கும்போது அவருக்கு மாறுதல் ஆணை வந்துவிடுகிறது.

2024 அக்டோபர் 25 பிற்பகல் நான் வீட்டில்தான் இருந்தேன். அன்று மதுரையில் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் மழை. பந்தல்குடி வாய்க்கால் நிரம்பித் தெருவுக்குள் வந்தது. எங்கள் வீட்டு இரண்டாம் படியில் தண்ணீர் நின்றபோது, எதிர்வீட்டுப் பையன்கள் மாட்டுக் கயிற்றை மின்கம்பத்தில் கட்டி, மூதாட்டி ஒருவரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக் கரை சேர்த்தார்கள். அவர்களில் ஒருவன் பெயிண்டர். எந்த வீட்டுக்குள் நடக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள், எந்த மூடியில்லாத சாக்கடைக் குழி எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அவன் தலைக்குள் இருந்தது. பேரிடர்த் தன்னார்வலர்களுக்கான ஒன்றிய அரசின் ஆப்த மித்ரா திட்டம் இப்படிப்பட்டவர்களுக்குத்தான் 12 நாள் பயிற்சி தருகிறது. பயிற்சிக்குப் பிறகு அவர்களைப் பணியில் அமர்த்துவதற்குத்தான் வழியில்லை. தேசிய பேரிடர் மீட்புப் படையின் தமிழ்நாட்டுப் பட்டாலியன் தளமோ 400 கிலோமீட்டருக்கு அப்பால், அரக்கோணத்தில் இருக்கிறது.

இப்போது இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. 2025ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் மாநகராட்சி உள்ள நகரங்களுக்கு நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்க வகை செய்கிறது. மாநகராட்சி ஆணையர் அதற்குத் தலைவர், தாங்கள் துணைத் தலைவர். இதற்கும் ஆள் வேண்டும். வழக்கம்போல் ‘கூடுதல் பொறுப்பு’ என்று ஏற்கனவே மூன்று இருக்கையைப் பார்க்கும் ஒருவர் தலையில் கட்டிவிடுவோமோ என்பதுதான் என் பயம்.

விதிகளின் மேல் எனக்குக் கோபம் இல்லை. வேண்டியவனை வாசல் வழியாகவும் வேண்டாதவனை ஜன்னல் வழியாகவும் பார்த்துப் பழகிய அலுவலகங்களில், அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஒன்று இருப்பதால்தான் என்னைப் போல சிபாரிசு இல்லாதவன் உள்ளே வர முடிந்தது. அவசரம் என்ற சொல் எப்படியெல்லாம் பயன்பட்டது என்பதையும் பார்த்திருக்கிறேன். பழைய சார்நிலைப் பணி விதி 10(அ)(1), அவசர நிலையில் தற்காலிகமாக ஆள் எடுக்க இடம் கொடுத்தது. ‘டென் ஏ ஒன்’ என்றாலே அலுவலகத்தில் ஒரு சிரிப்பு வரும். தற்காலிகம் என்று வந்தவர்கள் தலை நரைக்கும் வரை தற்காலிகமாகவே இருந்தார்கள். உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-இல், முறையான தேர்வின்றி வந்த தற்காலிகப் பணியாளர்கள் நிரந்தரத்தை உரிமையாகக் கோர முடியாது என்று தீர்ப்பளித்தது. கொரோனா காலத்தில் எடுத்த ஒப்பந்தச் செவிலியர்கள் கதையும் தெரிந்ததே. உயிரைப் பணயம் வைத்தவர்களுக்கு 2022 டிசம்பர் 31-க்குப் பிறகு ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. அவர்கள் தெருவில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது. ஆகவே ‘பேரிடர்த் துறைக்கு விதியே வேண்டாம்’ என்று நான் கேட்கவில்லை. அப்படி ஒரு விலக்கு வந்தால் முதல் மாதமே ஓட்டுநரும் அலுவலக உதவியாளரும் கணினி இயக்குபவரும் ‘அவசரப் பணியாளர்’ ஆகிவிடுவார்கள். அந்த இடங்கள் வழக்கமான வழியிலேயே நிரம்பட்டும்.

நான் கேட்பது 20 இடங்களுக்கு மட்டும். மாவட்டத்தின் 11 வட்டங்களுக்கும் வட்டத்துக்கு ஒருவராக, அந்த வட்டத்தின் கண்மாய், ஓடை, வரத்துக்கால்வாய் அறிந்த களப் பணியாளர்கள் 11 பேர். கட்டுப்பாட்டு அறையில் மூன்று சுழற்சிக்கும் இருவர் வீதம் 6 பேர். கட்டடப் பாதுகாப்பு, அபாயகரமான எரிபொருள், கம்பியில்லாத் தகவல் தொடர்பு ஆகியவற்றுக்கு வல்லுநர் ஒவ்வொருவர். இவர்களுக்குக் கல்வித் தகுதியும் வயது வரம்பும் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பும் தளர்த்தப்பட வேண்டும். எழுத்துத் தேர்வுக்குப் பதில் செய்முறைத் தேர்வு வேண்டும். வைகை அணை 71 அடியில் 66-ஐத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது என்று ஒப்பிப்பது பெரிய காரியம் இல்லை. 69 என்று செய்தி வந்த நிமிடத்தில் யானைக்கல் தரைப்பாலத்தை அடைக்க யாரைக் கூப்பிடுவது, ஆற்றுக்குள் மாடு கட்டியிருப்பவரிடம் யாரை அனுப்புவது என்று கேளுங்கள். தேறியவர் யார் என்று கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

தளர்த்தக் கூடாதவையும் உண்டு. 69 சதவீத இடஒதுக்கீடும், எந்த இடம் எந்தப் பிரிவினருக்கு என்று வரிசைப்படுத்தும் இனச்சுழற்சியும் அப்படியே இருக்க வேண்டும். அறிவிப்பு ஒவ்வொரு ஊராட்சி அலுவலகப் பலகையிலும் ஒட்டப்பட வேண்டும், தேர்வானவர் பட்டியல் மதிப்பெண்ணோடு வெளியாகி ஆட்சேபத்துக்கு 15 நாள் விட வேண்டும். தேர்வுக் குழுவில் தீயணைப்புத் துறையும் நீர்வளத் துறையும் இருக்கட்டும். அரசியல் பிரமுகர் ஒருவரும் வேண்டாம். பணிக்காலம் மூன்று ஆண்டு என்றும் நிரந்தரம் கிடையாது என்றும் நியமன ஆணையின் முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும். அதற்கு ஈடாகச் சம்பளம் தொகுப்பூதியமாக இல்லாமல், இணையான நிரந்தரப் பணியிடத்தின் அளவுக்கு இருக்க வேண்டும். பணியில் இறந்தால் குடும்பத்துக்கு நிரந்தரப் பணியாளருக்கு உள்ள இழப்பீடு வேண்டும். ஐந்து ஆண்டில் விலக்கே தானாகக் காலாவதியாகட்டும். தொடர வேண்டுமானால் அரசு காரணம் சொல்லி நீட்டிக்கட்டும்.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29ஆவது பிரிவு, மாவட்ட ஆணையத்துக்கு வேண்டிய அலுவலர்களையும் ஆலோசகர்களையும் பிற பணியாளர்களையும் மாநில அரசு தர வேண்டும் என்கிறது. அரசமைப்பின் 320(3) கூறின் வரம்புரை, தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்கத் தேவையில்லாத இனங்களை ஆளுநர் ஒழுங்குமுறை விதிகளால் குறிப்பிடலாம் என்கிறது. அவ்விதிகள் சட்டமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். அது நல்லதே, நாலு பேர் கேள்வி கேட்பார்கள். மருத்துவத் துறைக்குத் தேர்வாணைய வழி நீளம் என்று கருதித்தான் தமிழ்நாடு 2012-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் கண்டது. அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டின் ஸ்டாஃபோர்ட் சட்டம், பேரிடர்ப் பணிக்கான தற்காலிகப் பணியாளர்களைக் குடிமைப் பணித் தேர்வு விதிகளுக்கு வெளியே எடுக்க அவர்கள் கூட்டரசுக்கு அனுமதி தருகிறது. அங்கே நடப்பதெல்லாம் இங்கே ஒட்டாது. ஆனால் ‘எங்குமே இல்லாத வழக்கம்’ என்று கோப்பில் யாராவது எழுதினால் பதில் சொல்ல இது உதவும்.

ஆகவே, மேற்கண்டவாறு கருத்துரு ஒன்றைத் தயாரித்து, வருவாய் நிர்வாகம் மற்றும் பேரிடர் மேலாண்மை ஆணையருக்கு வரும் பருவமழைக்கு முன்பே அனுப்பிவைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். வட்டவாரியாக நீர்பாய்ச்சிகள், ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரர்கள், முன்னாள் படைவீரர்கள் எனக் களம் அறிந்தவர்களைக் கண்டுபிடித்துப் பட்டியலிடும் வேலைக்கு ஆள் இல்லையென்றால், நான் சம்பளமின்றிச் செய்து தருகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள் கூடுதலாக. ‘தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது’ என்ற பதில் எனக்கு வேண்டாம். அந்த வாக்கியத்தை என் கையாலேயே பல நூறு பேருக்கு எழுதியிருக்கிறேன். முடியாது என்றால் எந்த விதியின்படி முடியாது என்று எழுதுங்கள். அடுத்த திங்கட்கிழமை அந்த விதியைப் படித்துவிட்டு வருகிறேன்.

இடம்: மதுரை

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
துணை வட்டாட்சியர் (ஓய்வு), செல்லூர்.

நகல்: மாநகராட்சி ஆணையர் அவர்கள், மதுரை.