எம்.பி. துண்டு அல்ல, முன்மொழிவு

ஆசிரியர் அவர்களுக்கு,

நியூ ஜேர்சியில் இருக்கும் என் தங்கச்சியின் பேரன், இராணுவ அதிகாரியாக வேண்டுமென்று அமெரிக்காவின் வெஸ்ட் பொயின்ட் கல்லூரிக்கு விண்ணப்பித்திருக்கிறான். அதற்குப் பொதுவாக அந்நாட்டுப் பாராளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் ஒருவரின் முன்மொழிவு வேண்டும் என்று இங்கே சொன்னேன். கேட்டவர்கள் எல்லாரும், "அங்கேயும் எம்.பி. துண்டுதானா!" என்றார்கள். அது பிழையான எண்ணம்.

எம்.பி. துண்டு, அதாவது வேலைக்காகப் பாராளுமன்ற உறுப்பினரிடம் வாங்கும் சிபாரிசு, எனக்கு நன்றாகத் தெரியும். 1978இல் ஒரு வேலைப் படிவத்துக்காக அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு ஒரு பாராளுமன்ற உறுப்பினரின் வீட்டுக்கு ஏழு தடவை போனார். வெய்யிலில் நின்றோம். நான் என்ன படித்தேன் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அப்பா தலைகுனிந்து நின்றது இன்னும் மனதை வருத்துகிறது.

பேரனுடைய கதை வேறு. அவனே விண்ணப்பம் எழுதினான். பெறுபேறுகள், கட்டுரை, ஆசிரியர்களின் கடிதங்கள் எல்லாம் சேர்த்து அனுப்பினான். உறுப்பினரின் அலுவலகம் அமைத்த குழு அவனை நேர்முகத்துக்கு அழைத்து, ஏன் அதிகாரியாக விரும்புகிறாய் என்று துருவித் துருவிக் கேட்டது. அந்த உறுப்பினரை எங்கள் குடும்பத்தில் யாரும் நேரில் கண்டதுகூட இல்லை.

நான் கணிதம் படிப்பித்தவன், அதனால் கணக்காகவே சொல்கிறேன். ஒரு உறுப்பினரின் பெயரில் ஒரு கல்லூரியில் ஒரே நேரத்தில் 5 பேர்தான் படிக்கலாம். படிப்பு 4 வருடம். அப்படியென்றால் வருடத்துக்கு ஒரு இடம், சில வருடம் இரண்டு. அந்த ஒரு இடத்துக்குப் பலரை அவர் முன்மொழியலாம். ஒருவரை முதன்மையாகக் குறிப்பிடலாம், எல்லாரையும் வரிசைப்படுத்தலாம், அல்லது தெரிவைக் கல்லூரியிடமே விட்டுவிடலாம். முன்மொழிவு கிடைத்தாலும் படிப்பு, உடற்தகுதி, மருத்துவப் பரிசோதனை மூன்றிலும் தேறினால்தான் அனுமதி. அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரிக்கும் கொலராடோவிலுள்ள விமானப்படைக் கல்லூரிக்கும் இதே முறைதான். கரையோரக் காவற்படைக் கல்லூரிக்கு மட்டும் முன்மொழிவே தேவையில்லை.

படை என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் வீடுகளில் ஒரு நடுக்கம் வரும். எனக்கும் வந்தது. படிப்புக்குக் கட்டணம் இல்லை, ஆனால் முடித்த பின் குறைந்தது 5 வருடம் படையில் பணியாற்ற வேண்டும். பிள்ளைகள் அதை அறிந்தே சேர வேண்டும். பேரன் அறிந்துதான் கேட்கிறான், அதனால் நான் மறுபேச்சுப் பேசவில்லை.

மட்டக்களப்பில் பல வீடுகளுக்கு அமெரிக்காவில் உறவு உண்டு. அமெரிக்கக் குடியுரிமையுள்ள பிள்ளைக்கு இந்த ஆசை இருந்தால், பள்ளியின் கடைசி வருடம் தொடங்கும் முன்னரே ஆயத்தமாகும்படி சொல்லுங்கள். தன் மாநிலத்தின் இரண்டு செனட்டர்கள், தன் பகுதிப் பிரதிநிதி ஆகிய காங்கிரஸ் உறுப்பினர்கள், அவர்களோடு துணை ஜனாதிபதி என்று நான்கு இடத்துக்கும் விண்ணப்பிக்கலாம். ஒவ்வொரு அலுவலகத்துக்கும் முடிவு திகதி வேறு வேறு. எங்கள் பேரனுக்கு இரண்டு செனட்டர்களும் இல்லை என்றார்கள், பிரதிநிதிதான் முன்மொழிந்தார். இப்போது கல்லூரியின் பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.