செந்தூலிலிருந்து தம்பிக்கு: மழைக்கோட்டு எப்போதும் மேலேதான்

செந்தூல், கோலாலம்பூர்

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மா கேட்ட கோடாலித் தைலம் நாலு சீசா வாங்கி வைத்தாயிற்று. நீ வரும்போது எடுத்துப் போகலாம்.

தைப்பூசத்துக்கு வருகிறாய், பத்துமலை முடிந்ததும் கேமரன் மலை, பினாங்கு என்று ஒரு வாரம் பைக்கில் சுற்ற வேண்டும் என்று எழுதியிருந்தாய். தாராளமாக வா. ஆனால் நீ படம் அனுப்பியிருந்த அந்த மூன்றடுக்கு ஜாக்கெட்டை மட்டும் வாங்காதே. முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேள்.

வெளியே கெட்டித் துணி, நடுவில் மழை லைனிங், உள்ளே குளிர் லைனிங், இரண்டையும் ஜிப்பைத் திறந்து கழற்றலாம். கடையில் பார்த்தால் ஒன்றின் விலைக்கு மூன்று வாங்கியது போலத்தான் இருக்கும். சாலையில் நிலைமை வேறு. மழை லைனிங் உள்ளே இருப்பதால் வெளித்துணி முதலில் தண்ணீரைக் குடித்து ஊறிப்போகும். ஜாக்கெட் கனக்கும், பைகளில் தண்ணீர் நிற்கும், ஊறிய துணியின் மேல் காற்று அடிக்க அடிக்க உடம்புச் சூடு போய்க்கொண்டே இருக்கும். லைனிங் கிழியாமல் நன்றாக இருந்தாலும் குளிரில் நடுங்குவாய். இதைவிடப் பெரிய தொல்லை, லைனிங்கை மாட்ட ஜாக்கெட்டையே கழற்ற வேண்டும், அதுவும் கொட்டும் மழையில் சாலையோரம் நின்று. அதற்குச் சோம்பி, காலையிலேயே மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் மழை வருவதற்கு முன்பே வியர்வையில் நனைந்துவிடுகிறார்கள்.

இந்த ஊர் மழையைப் பற்றிச் சொன்னால்தான் மிச்சம் புரியும். நம் பக்கம் மழை மாதம் பார்த்து வரும். இங்கே மணி பார்த்து வரும். மதியம்வரை 32, 33 டிகிரி வெயில். மூன்று, நான்கு மணிக்குக் கறுத்துக்கொண்டு, இடியோடு கொட்டி, ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். நீ வரும் தை மாதத்தில் மேற்குக் கரையில் இது கொஞ்சம் குறைவு. கிழக்குக் கரையில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை; அந்தக் கரையில் இருக்கும் கோத்தா பாருவுக்குப் போகும் யோசனையை விடச் சொன்னது அதனால்தான். மழை இல்லாதபோதும் காற்றில் ஈரம் நிற்கும். துவைத்துப் போட்ட கெட்டித் துணி வீட்டுக்குள் ஒரு நாளில் காய்ந்தால் அதிசயம்.

அந்த ஈரம்தான் கணக்கையே மாற்றுகிறது. கோர்டெக்ஸ் போன்ற சவ்வு வைத்த ஜாக்கெட்டுகள் மழையைத் தடுத்து, வியர்வை ஆவியை மட்டும் வெளியே விடும் என்பார்கள். பொய்யில்லை. ஆனால் ஆவி வெளியேற வேண்டுமென்றால் உள்ளே இருப்பதைவிட வெளிக்காற்றில் ஈரம் குறைவாக இருக்க வேண்டும். மழை நேரத்துக் கோலாலம்பூரில் அந்த வித்தியாசம் மிகக் கொஞ்சம். கேமரன் குளிரிலும் லடாக்கிலும் அதே துணி நன்றாக வேலை செய்யும். வெளித்துணியோடு சவ்வை ஒட்டிய வகை நல்லதுதான், தண்ணீரைக் குடிக்காது. ஆனால் விலை அதிகம், இந்த வெக்கைக்கு வேகும்.

அதனால் என் முடிவு இது: அடிபடாமல் காப்பது ஒரு துணி, மழையைத் தடுப்பது இன்னொரு துணி. அடி தாங்கும் பேட் வைத்த மெஷ் (வலைத்துணி) ஜாக்கெட்டும் மெஷ் பேண்ட்டும் கீழே. அவற்றுக்கு மேல் தனி மழைக்கோட்டு. ஒரு நிமிடத்தில் போடலாம், கழற்றலாம்.

மெஷ் என்றால் கொசுவலை போல ஆடுவதை எடுத்துவிடாதே. தோள், முழங்கை, முதுகின் மேல்பகுதி கெட்டித் துணியாகவும், நெஞ்சும் கையின் உள்பக்கமும் மட்டும் வலையாகவும் இருக்க வேண்டும். உள்ளே தைத்த சீட்டில் ஈஎன் (EN) 17092 என்ற ஐரோப்பியத் தர எண்ணைத் தேடு. பக்கத்தில் ஏஏஏ, ஏஏ, ஏ, பி, சி என்று ஒன்று இருக்கும். ஏஏஏ பெரும்பாலும் தோல், கனம், சூடு. நெடும்பயணத்துக்கு ஏஏ போதும். பி என்றால் பேட் இல்லாதது. சி என்றால் பேட்டைப் பிடித்து வைக்கும் வலை மட்டும், துணி தேய்மானம் தாங்காது. பேட்டில் தனி எண் உண்டு: தோள், முழங்கை, முழங்காலுக்கு ஈஎன் 1621-1, முதுகுக்கு 1621-2. முதல் நிலை கைகால் பேட் அடியின் விசையைச் சராசரி 35 கிலோநியூட்டனுக்குள் நிறுத்த வேண்டும், இரண்டாம் நிலை 20க்குள். முதுகுக்கு அது 18, 9. பல ஜாக்கெட்டுகளில் முதுகுப் பையில் வெறும் ஸ்பாஞ்சு வைத்து அனுப்புவார்கள், எண்ணே இருக்காது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டாம் நிலை பேட் தனியாக வாங்கு. பேட்டில் டி (T) எழுத்துக்குப் பக்கத்தில் கூட்டல் குறி இருந்தால் 40 டிகிரி சூட்டிலும் சோதித்தது என்று பொருள். நம் தேனி வெயிலுக்கு அது வேண்டும்.

எண் சரியாக இருந்து அளவு தப்பினால் எல்லாம் வீண். கடையில் நின்று பார்க்காதே, ஒரு வண்டியில் உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடித்துப் பார். மணிக்கட்டு தெரியக் கூடாது, முதுகுப் பக்கம் மேலே ஏறக் கூடாது. முழங்கைப் பேட்டை இன்னொருவரைவிட்டுத் திருகச் சொல். எலும்பைவிட்டு நகர்ந்தால் விழும்போதும் நகரும். மெஷ் தொளதொளவென்று இருக்கக் கூடாது. உள்ளே முழுக்கை வைத்த மெல்லிய பாலியெஸ்டர் பனியன். பருத்தி வேண்டாம், நனைந்தால் ஒட்டிக்கொண்டு காயவே காயாது.

இங்கே நம்மாட்கள் பைக்கை "மோட்டார்" என்பார்கள், ரிங்கிட்டை "வெள்ளி" என்பார்கள், கடையில் குழம்பாதே. மோட்டாருக்கு பிளஸ் என்ற வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் சுங்கம் இல்லை. கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களிலேயே மோட்டாருக்குத் தனிப்பாதை போட்டிருக்கிறார்கள். அந்தப் பாதையில் காலையில் நின்று பார்த்தால் பாதிப் பேர் ஜாக்கெட்டை முன்பின் மாற்றிப் போட்டிருப்பார்கள், ஜிப் முதுகுப் பக்கம். ஜிப் வழியாகக் காற்றும் தூறலும் நெஞ்சில் அடிக்காமல் இருக்கச் செய்யும் வேலை. சாதாரணக் காற்றுச் சட்டைக்குச் சரி. பேட் வைத்ததை அப்படிப் போட்டால் முழங்கைப் பேட் மடிப்புக்குள் போய்விடும். பார்த்துவிட்டு நீயும் ஆரம்பிக்காதே.

இனி மழைக்கோட்டு. இதில்தான் ஆட்கள் காசை மிச்சம் பிடித்து நனைகிறார்கள். கோட்டும் பேண்ட்டும் தனித்தனியாக இருப்பதை வாங்கு. ஒரே துண்டாக வருவது தண்ணீரை நன்றாகத் தடுக்கும், ஆனால் கழிப்பறைக்குப் போகத் தலையிலிருந்து கால்வரை உரிக்க வேண்டும். உள்பக்கம் திருப்பித் தையல்களைப் பார். எல்லாத் தையல் மேலும் டேப் ஒட்டியிருக்க வேண்டும். தையல் ஊசி போட்ட ஒவ்வொரு துளையும் ஒரு குழாய். முதலில் ஒழுகும் இடம் கவட்டி. உட்கார்ந்த மடியில் தண்ணீர் குளமாகத் தேங்கி, உடம்பு எடையால் அழுந்தி உள்ளே போகும். நான்கு தையல் ஒரே புள்ளியில் கூடாமல், அந்த இடத்தில் ஒட்டுத் துணி போட்டதாகப் பார்த்து எடு. நீர்த்தடுப்பு எண் (துணி ஒழுகாமல் தாங்கும் தண்ணீர்த் தூணின் உயரம்) 10,000 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருக்கட்டும். முன் ஜிப்பின் மேல் இரண்டு மடிப்பு மூடி வேண்டும். ஜாக்கெட்டுக்கு மேல் போடுவதால் ஒரு அளவு பெரிது. அதே சமயம் கையிலும் இடுப்பிலும் வெல்க்ரோ பட்டை இருந்தே ஆக வேண்டும். பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர், கடல் நடுவில் பக்கக் காற்று. தொளதொளத்த மழைக்கோட்டு அங்கே கப்பல் பாயாகிவிடும், வண்டியைப் பக்கத்துக்கு இழுக்கும்.

பேண்ட் கால் அகலமாக, பூட்ஸைக் கழற்றாமல் நுழைக்கும்படி, முழங்கால்வரை ஜிப் வைத்து இருக்க வேண்டும். நுழையவில்லையா, பூட்ஸுக்கு ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டி நுழை, வழுக்கிக்கொண்டு போகும். சைலன்சர் பக்கத்துக் காலை இறுக்கிக் கட்டு. நைலான் சூட்டில் பட்டால் உருகி ஒட்டும், கோட்டும் போச்சு, சைலன்சரும் அசிங்கம். நிறம் கறுப்பு வேண்டாம். கொட்டும் மழையில் லாரிக்காரன் கண்ணுக்குக் கறுப்பு தெரியாது.

எப்போது போடுவது என்பதும் முக்கியம். நனைந்த பிறகு போட்டால் நனைந்ததை உள்ளே வைத்துப் பூட்டுவதுதான். முன்னால் மேகம் கறுத்திருந்தால் அடுத்த ஓய்விடத்தில் நிறுத்திப் போட்டுக்கொள். நெடுஞ்சாலை மேம்பாலங்களுக்கு அடியில் மோட்டார்காரர்கள் ஒதுங்கத் தடுப்புப் போட்ட இடங்கள் சில உண்டு; அங்கே நிற்கலாம். தடுப்பில்லாத பாலத்தடியில் சாலையோரம் நிற்காதே, மழையில் வரும் காருக்கு நீ தெரியமாட்டாய். கோட்டு பையின் அடியில் அல்ல, மேலே இருக்கட்டும். பாஸ்போர்ட்டும் போனும் ஜிப் உறைக்குள். ஜாக்கெட் வெளிப்பை எதையும் நம்பாதே.

கழுத்தில் பருத்தித் துண்டு கட்டாதே. விளக்குத்திரி எண்ணெயை இழுப்பது போல ஹெல்மெட்டிலிருந்து வடியும் தண்ணீரைப் பனியனுக்குள் இழுத்துவிடும்.

கையுறை இரண்டு ஜோடி. ஒன்று காற்றோட்டமானது, உள்ளங்கையில் தோலும் முட்டியில் கெட்டிப் பேட்டும் வைத்தது; ஈஎன் 13594 எண், பக்கத்தில் கேபி (KP) என்று இருந்தால் முட்டிப் பேட்டும் சோதனையில் தேறியது. இன்னொன்று மழைக்கு. மழைக் கையுறையில் ஒரு வியாதி உண்டு: ஈரக் கையை இழுக்கும்போது உள் லைனிங்கும் விரலோடு வெளியே வந்துவிடும், பிறகு திரும்ப நுழையவே நுழையாது. கடையிலேயே விரல் நுனியைப் பிடித்து இழுத்துப் பார்; லைனிங் தைத்திருந்தால் வராது. கையுறையின் விளிம்பு மழைக்கோட்டுக் கைக்கு உள்ளே போகட்டும். நம் வண்டிகளில் மணிக்கட்டு முழங்கையைவிடத் தாழ இருப்பதால் கோட்டில் வடியும் தண்ணீர் விரலை நோக்கித்தான் ஓடும். இடது கட்டைவிரலில் ஹெல்மெட் கண்ணாடியைத் துடைக்க ரப்பர் வைப்பர் இருந்தால் நல்லது, வலது கை ஆக்சிலேட்டரில் இருக்குமே.

பூட்ஸ் கணுக்காலை மூட வேண்டும், எண் ஈஎன் 13634. மழைப் பேண்ட் எப்போதும் பூட்ஸுக்கு வெளியே. உள்ளே செருகினால் தண்ணீர் புகாத பூட்ஸ் தண்ணீர் வெளியேறாத வாளியாகிவிடும். இங்கே மழை வந்தால் ஷூவைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டுச் செருப்போடு போகிறவர்கள் உண்டு. ஷூ பிழைக்கும், கால் பிழைக்காது.

ஹெல்மெட் முழுமுகம். கன்னம் அமுங்க வேண்டும். தலையை ஆட்டினால் தோலும் சேர்ந்து நகர வேண்டும். கண்ணாடி நிறமில்லாததாக இருக்கட்டும். உள்ளே பின்லாக் என்ற இரண்டாவது கண்ணாடி பொருத்த முடியுமா என்று கேள். இரண்டுக்கும் நடுவில் காற்று நின்று மூச்சுப் புகை படிவதைத் தடுக்கும். பெட்ரோல், வீட்டுக் கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் அதன்மேல் படக் கூடாது.

குளிர் விஷயத்தில் கேமரனைச் சாதாரணமாக நினைக்காதே. அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து மலை மேல் ஊரான தானா ராத்தா ஏறுவது போடியிலிருந்து போடிமெட்டு ஏறுவது மாதிரிதான். 1,000 மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி இறங்கும். தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல். இரவில் 16 டிகிரி, நனைந்திருந்தால் அது பத்து மாதிரி. மெஷ்ஷுக்கு உள்ளே ஸ்வெட்டர் மட்டும் போட்டால் காற்று இரண்டையும் துளைத்துக்கொண்டு போகும். மழை இல்லாவிட்டாலும் மழைக்கோட்டை மேலே போடு, காற்று நின்றாலே பாதிக் குளிர் போய்விடும். உள்ளே ஒரு மெல்லிய ஃப்ளீஸ் (கம்பளி போன்ற செயற்கைத் துணி) சட்டை போதும்.

சித்திரை வெயிலில் நம் ஊரில் ஓட்டும்போது கணக்கு தலைகீழ். காற்று 36, 37 டிகிரிக்கு மேல் போனால் உடம்பைக் குளிர்விக்காது, சுடும். அப்போது பனியனை நனைத்துப் போட்டு, ஜாக்கெட்டைப் பாதி மூடி ஓட்டு. வறண்ட காற்றில் அரை மணி நேரம் தாங்கும். இங்கே அந்த வித்தை செல்லாது, ஈரம் ஈரமாகவே இருக்கும்.

பராமரிப்பு: பேட்டை எடுத்துவிட்டுத் திரவச் சோப்பில் துவை, துணி மிருதுவாக்கும் திரவம் போடாதே, அது நீர் வழுக்கும் பூச்சைக் கெடுக்கும். நிழலில் உலர்த்து. இந்த ஊரில் தோல் ஜாக்கெட்டை அலமாரியில் பூட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பாலியூரிதேன் பூசிய மழைக்கோட்டை மடித்தே சில வருடம் வைத்தால் ஈரச் சூட்டில் பூச்சு பிசுபிசுத்து உரியும். பூட்ஸ் அடிப்பாகமும் அப்படியே கழன்று விழும். தள்ளுபடியில் பழைய சரக்கு விற்கிறார்கள் என்றால் உள்பக்கத்தை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு வாங்கு.

மெஷ் ஜாக்கெட், பேண்ட், பூட்ஸ், ஹெல்மெட் நான்கையும் அங்கேயே போட்டுப் பார்த்து வாங்கு. மழைக்கோட்டையும் மழைக் கையுறையையும் இங்கே நான் வாங்கி வைக்கிறேன். அதற்கு ஜாக்கெட் போட்டபடி நெஞ்சுச் சுற்றளவு, தோளிலிருந்து மணிக்கட்டுவரை நீளம், இடுப்பு, உள்கால் நீளம், கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கைச் சுற்றளவு, எல்லாம் சென்டிமீட்டரில் ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. அப்பாவிடம் விலை எதையும் சொல்லாதே.

இப்படிக்கு,
அண்ணன்