நிர்வாகக் குழுவின் நாற்காலிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தொண்டு நிறுவனங்களின் நிர்வாகக் குழுக்களில் பலதரப்பட்டவர்களும் இடம்பெற வேண்டும் என வலியுறுத்தித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையை முழுமனதோடு ஏற்கிறேன். ஆயினும், நியாயம் என்ற கோணத்தோடு நின்றுவிட்ட அக்கட்டுரை, நன்கொடை திரட்டும் பணிக்கும் இதற்கும் உள்ள நெருங்கிய தொடர்பைப் பேசவில்லை. அப்பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இதனை எழுதுகிறேன்.

தொண்டு நிறுவனங்களின் நிர்வாகக் குழுக்களுக்கு வழிகாட்டும் அமெரிக்காவின் போர்டுசோர்ஸ் அமைப்பு 2017இல் வெளியிட்ட ஆய்வறிக்கையின்படி, அந்நாட்டுத் தொண்டு நிறுவனங்களின் குழு உறுப்பினர்களில் 84 விழுக்காட்டினரும் குழுத் தலைவர்களில் 90 விழுக்காட்டினரும் வெள்ளையர். 27 விழுக்காடு குழுக்களில் அப்போது பிற இனத்தவர் ஒருவர்கூட இருக்கவில்லை. அடுத்த ஆண்டு இண்டியானா பல்கலைக்கழகத்தினர் அவ்வமைப்புடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வோ, பெண்கள் கூடுதலாக உள்ள குழுக்களின் உறுப்பினர்கள் நிதி திரட்டுவதில் அதிக ஈடுபாடு காட்டுவதாகக் கூறியது. இதுதான் காரணம், அதுதான் விளைவு என்று இதைக்கொண்டு முடிவுகட்டிவிட முடியாது. துடிப்பாக இயங்கும் நிறுவனங்களே பெண்களையும் விரும்பிச் சேர்த்துக்கொள்கின்றன என்றும் இருக்கலாம்.

ஆனால், யார் யாரிடம் நன்கொடை கேட்கலாம் என்று பெயர்களை எழுதித் தரும்படி உறுப்பினர்களிடம் தாள் கொடுக்கப்படும் கூட்டத்தில் இருந்தவர்களுக்கு இத்தொடர்பு புதிராக இராது. ஒரே தொழிலில் இருந்துகொண்டு ஒரே வட்டத்தில் பழகும் பத்துப் பேர் எழுதித் தரும் தாள்களில் அதே செல்வந்தர்களின் பெயர்கள்தாம் திரும்பத் திரும்ப வரும். ஒருவரையே மூவர் தனித்தனியாக அணுகி அவரைச் சலிப்படையச் செய்வதும் நடக்கும். அக்குழுவில் ஒரு செவிலியரோ, தொழிற்சங்கத்தில் இருப்பவரோ, அந்நிறுவனத்தின் உதவியால் முன்னுக்கு வந்த இளைஞரோ இருந்தால், அவரது தாளில் மற்றவர்கள் கேள்விப்பட்டிராத பெயர்கள் இருக்கும். அவர்கள் தருவது பெரும்பாலும் சிறு தொகைதான். எனினும், ஒரே ஒருவரின் பெருந்தொகை திடீரென நின்றுபோகும் ஆண்டில், மாதந்தோறும் தவறாமல் வரும் அச்சிறு தொகைகளே ஊழியர்களின் சம்பளத்துக்குக் கைகொடுக்கும்.

அத்தகையவர்களைச் சேர்த்த பிறகும் பல குழுக்கள் அவர்களை ஒதுக்கியே வைக்கின்றன என்பதுதான் என் ஆதங்கம். அவர்கள் சார்ந்த சமூகத்தைப் பற்றிய பேச்சு எழும்போது மட்டும் கருத்துக் கேட்பதும், நிதிக் குழுவிலோ தலைமைப் பொறுப்பிலோ இடம் தராமல் இருப்பதும் பரவலாக உள்ள வழக்கம். புகைப்படத்துக்காகச் சேர்க்கப்பட்டவர் யாரிடமும் மனமுவந்து நன்கொடை கேட்கமாட்டார்.

இதைவிடப் பெரிய தடை, ஒவ்வோர் உறுப்பினரும் ஆண்டுக்கு இவ்வளவு தொகையைத் தாமே தர வேண்டும் அல்லது திரட்டித் தர வேண்டும் என்ற விதி. வசதி இல்லாதவர்களை அது வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. உறுப்பினர்கள் அனைவரும் நன்கொடை தந்திருக்கிறார்களா என்று நிதி வழங்கும் அறக்கட்டளைகள் கேட்பது உண்மையே. எவ்வளவு தந்தார்கள் என்று அவை கேட்பது அரிது. எனவே, தொகையைக் குறிப்பிடாமல், அவரவர் சக்திக்கு ஏற்பத் தருவது என்று அந்த விதியைத் திருத்தினாலே போதுமானது. அதற்கு அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற்றினால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்