ஓசோனுக்கும் 'சென்ற ஆண்டு இதே நாள்' வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாபநாசம் அணை நீர்மட்டத்தை அச்சிடும்போது, சென்ற ஆண்டு இதே நாளில் எத்தனை அடி என்பதையும் பக்கத்திலேயே போடுகிறீர்கள். வைகாசியில் மட்டம் இறங்கியிருந்தால் அது வழக்கமான கோடை இறக்கமா, இந்த ஆண்டின் தட்டுப்பாடா என்று கார் நெல் போடக் காத்திருப்பவர் அதை வைத்துத்தான் கணிக்கிறார். தென் துருவத்துக்கு மேலே, வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஓசோன் படலத்தில் விழும் ஓட்டை பற்றிய செய்திக்கு இந்த வழக்கம் இல்லை. புரட்டாசியில் 'ஓட்டை விரிந்தது', மார்கழியில் 'ஓட்டை மூடியது' என்று வருகிறது. இரண்டும் ஆண்டுதோறும் நடப்பவைதாம்.

ஓட்டை என்பதே பாதிதான் சரி; அது துளையல்ல, படலம் மெலிவதுதான். தலைக்கு மேலுள்ள ஓசோன் முழுவதையும் தரைமட்ட அழுத்தத்தில், 0 டிகிரியில் படலமாக்கினால் 3 மி.மீ. கனம் வந்தால் அது 300 டாப்சன் அலகு. நெல்லைக்கு மேலே 250 முதல் 280 வரை இருப்பது இயல்பு. 220-க்குக் கீழே போனால்தான் ஓட்டைக் கணக்கில் சேரும்.

தென் துருவத்தில் மாதக்கணக்கில் சூரியன் தலைகாட்டாதபோது, சுற்றியோடும் காற்றுச்சுழல் உள்ளே இருக்கும் காற்றை அடைத்துவைக்கிறது. ஓசோன் மிகுந்திருக்கும் மேலடுக்கான ஸ்ட்ராட்டோஸ்பியரில் குளிர் மைனஸ் 78 டிகிரிக்குக் கீழே இறங்க, மேகத் துகள்கள் உருவாகின்றன. அதுவரை ஹைட்ரஜன் குளோரைடாகவும் குளோரின் நைட்ரேட்டாகவும் அடங்கிக் கிடந்த குளோரின், அந்தத் துகள்களின் மேல் வாயுவாகப் பிரிகிறது. இருட்டில் அதனால் கேடில்லை. ஆகஸ்டில் வெயில் திரும்பியதும் அணுக்களாக உடைந்து ஓசோனைத் தின்னத் தொடங்குகிறது. அக்டோபர் தொடக்கத்தில் 14 முதல் 21 கி.மீ. உயரத்தில் ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சுவதில்லை. நவம்பர், டிசம்பரில் சுழல் உடைந்து வெளிக்காற்று புகுந்ததும் நிரம்பிவிடும்.

வட துருவத்தில் கதை வேறு. மலைத்தொடர்கள் எழுப்பும் பேரலைகள் சுழலைக் குலைத்துக்கொண்டே இருக்கும். வெப்பமண்டலத்தில் பிறந்த ஓசோனும் குளிர்காலக் காற்றோட்டத்தில் அங்கே போய்ச் சேரும். அதனால் மார்ச்சில் 400 அலகைத் தாண்டுவதுண்டு. 2011, 2020-இல் சுழல் குலையாமல் குளிர்ந்தே நின்றது, இழப்பும் பெரிதாயிற்று.

ஒரே ஓர் ஆண்டைப் பார்த்து, இந்தக் குளோரினைத் தரும் ரசாயனங்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் ஒப்பந்தம் வென்றது, தோற்றது என்று எழுதக்கூடாது என்பது இதனால்தான். 2002 செப்டம்பரில் திடீர் வெப்பம் சுழலை இரண்டாகப் பிளந்ததால்தான் ஓட்டை சிறுத்தது, குளோரின் குறைந்ததால் அல்ல.

மூன்று எண்கள் போதும்: அன்றைய மிகக் குறைந்த டாப்சன் அளவு, சென்ற ஆண்டு இதே நாளின் அளவு, பத்தாண்டுச் சராசரி. நாசா நாள்தோறும் இலவசமாக வெளியிடுகிறது. செப்டம்பர் 16, ஓசோன் நாளன்றே தொடங்குங்கள்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர்கள்,
பாளையங்கோட்டை.