பார்சலில் வரும் சுருட்டுக்கு ஃப்ரிட்ஜ் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பார்சலில் தருவிக்கும் சுருட்டை ஃப்ரிட்ஜில் வைத்துக் காக்கலாம், வந்த அன்றே பிடிக்கலாம் என்று ஞாயிறு இணைப்பின் வாசகர் பகுதியில் வந்த யோசனை தவறானது. அதை நம்பி நம் பக்கத்தில் பலர் நல்ல சரக்கைப் பாழாக்கிவிடக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன்.

இப்போது விற்கும் ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலானவை உள்ளிருக்கும் ஈரத்தை ஓயாமல் வெளியேற்றுபவை. அதில் திறந்து வைத்த சுருட்டு சீக்கிரமே சருகாகிவிடும். வெங்காய வாடையும் மீன்குழம்பு வாடையும் ஏறிக்கொள்ளும். காய்ந்த சுருட்டு வேகமாக எரிந்து நாக்கைச் சுடும். இலையில் உள்ள வாசனை எண்ணெய் போனது போனதுதான். பிறகு எவ்வளவு ஈரம் ஏற்றினாலும் அது திரும்பாது.

வந்த அன்றே ஏன் பிடிக்கக் கூடாது? நல்ல சுருட்டில் உள்ளே பொதி இலை, அதைச் சுற்றிக் கட்டும் இலை, எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய போர்வை இலை என்று மூன்று அடுக்கு உண்டு. சித்திரை வெயிலில் மூடிய லாரியிலும் கூரியர் குடோனிலும் கிடக்கும்போது போர்வை இலை முதலில் காய்கிறது, உட்பொதி ஈரமாகவே இருக்கிறது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று அடிக்கும்போது இது தலைகீழாகும். உள்ளும் புறமும் ஒரே பதத்துக்கு வராமல் பற்றவைத்தால் நெருப்பு ஒரு பக்கமாகவே ஓடும். உட்பொதி ஈரமாக இருந்தால் சூட்டில் உப்பி மேல் இலையை வெடிக்கச் செய்யும், இழுக்கவும் புகை வராது.

ஆகவே பார்சல் வந்ததும் பிரிக்காமல் அரை நாள் நிழலான அறையில் வையுங்கள். பிறகு சுருட்டுகளைச் செல்லோபேன் உறையோடே காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றுங்கள். குறைந்தது இரண்டு வாரம், தடித்த சுருட்டென்றால் ஒரு மாதம் தொடாமல் விடுவது நல்லது. அழகான மரப் பெட்டியைவிட ரப்பர் வளையம் வைத்த சாதாரண டப்பாவே நம் ஊருக்குத் தோது. பங்குனி பிறந்தால் மரம் காய்ந்து மூடி இடைவெளி விட்டுவிடும். சுருட்டுப் பெட்டியோடு வரும் ஸ்பானிஷ் சீடர் என்ற வாசனை மரப் பலகைத் துண்டுகளை எறியாமல் டப்பாவுக்குள் போடுங்கள்.

இனி ஈரத்தின் அளவு. 70 டிகிரி ஃபாரன்ஹீட், 70 விழுக்காடு ஈரப்பதம் என்பது வெளிநாட்டில் பரவலாகச் சொல்லும் கணக்கு. 70 ஃபாரன்ஹீட் என்றால் 21 செல்சியஸ். கரூரிலும் ஈரோட்டிலும் கோடைப் பகலில் ஏசி இல்லாத அறை 32-க்குக் கீழே வருவதே அபூர்வம். அந்தச் சூட்டில் 70 விழுக்காடு ஈரம் வைப்பது புகையிலை வண்டுக்கு விருந்து வைப்பதுதான். 30 டிகிரியும் 70 விழுக்காடும் அது பெருகுவதற்கு மிகவும் ஏற்ற நிலை. முட்டை வண்டாக நாலு வாரம் போதும். அதனால் இங்கே 62-லிருந்து 65 விழுக்காட்டில் நிறுத்துவதே சரி.

மஞ்சள் குடோன் வைத்திருப்பவர்களுக்கு இந்த வண்டைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. விரலி மஞ்சளைத் துளைத்து மாவாக்கும் அதே பழுப்பு வண்டுதான் சுருட்டையும் துளைக்கிறது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம் இருக்கும். மஞ்சள், மிளகாய், மல்லி மூட்டை இருக்கும் அறையில் சுருட்டு டப்பாவை ஒருபோதும் வைக்காதீர்கள்.

சுருட்டில் குண்டூசித் தலையளவு வட்டத் துளையும் அடியில் பொடியும் தெரிந்தால் அந்தச் சுருட்டை எறிந்துவிட்டு மீதியை உறையவைக்க வேண்டும். ஆலையிலேயே உறையவைத்த சரக்கா என்று விற்றவரால் சொல்ல முடியாவிட்டால், துளை இல்லாவிட்டாலும் செய்துவிடுவது நல்லது. இரண்டு ஜிப் பைகளில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். முதல் நாள் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு, பிறகு ஃப்ரீசரில் ஒரு வாரம், மறுபடி கீழ்த்தட்டில் ஒரு நாள், கடைசியாக வெளியே ஒரு நாள். முழுச் சூடு வரும்வரை பையைத் திறக்கக் கூடாது. குளிர்ந்த சுருட்டின் மேல் காற்றுப்பட்டால் நீர் கோத்து மேல் இலை வெடிக்கும். ஃப்ரிட்ஜுக்குச் சுருட்டில் உள்ள வேலை இவ்வளவுதான்.

ஈரத்துக்கு நனைத்த பஞ்சோ ஆப்பிள் துண்டோ வைப்பதைக் கைவிடுங்கள். அவை எந்த அளவிலும் நிற்காமல் ஈரத்தை ஏற்றிக்கொண்டே போகும், பூஞ்சைதான் மிஞ்சும். போவேடா போன்ற இருவழி ஈரப் பைகள் அதிகமானால் உறிஞ்சும், குறைந்தால் வெளிவிடும். 25 சுருட்டுக்கு 60 கிராம் பை ஒன்று, 62 அல்லது 65 என்று அச்சிட்டது. பை விறைத்துப்போனால் மாற்றிவிடுங்கள்.

டிஜிட்டல் ஈரமானியை வாங்கியபடியே நம்பக் கூடாது. ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, கரையாமல் ஈர மணல் பதத்துக்கு வரும்படி சில சொட்டு நீர் விட்டு, மீட்டரோடு ஜிப் பையில் ஒரு நாள் மூடிவையுங்கள். 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் அது எப்போதும் 4 குறைத்துச் சொல்கிறது என்று கணக்கில் வையுங்கள்.

காய்ந்து வந்த சுருட்டுக்கு அவசரம் ஆகாது. முதல் இரண்டு மூன்று வாரம் 62 பை, பிறகுதான் 65. எடுத்தவுடன் ஈரம் ஏற்றினால் போர்வை இலை உட்பொதிக்கு முன்பே ஊறிக் கிழிந்துவிடும்.

டப்பாவை மொட்டைமாடிக்கு நேர் கீழான அறையில் வைக்காமல், கீழ்வீட்டின் வெயில் படாத உள்ளறையில், குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பாச்சை உருண்டை போட்ட பீரோ கூடாது. வாரம் ஒருமுறை ஒரு நிமிடம் திறந்து காற்றாட விட்டால் போதும். மேலே வெள்ளைப் பொடி படிந்தால், பழகிய சுருட்டின் பூப்பு என்று சொல்வதை நம்பாமல் பூஞ்சை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பற்றவைக்கும் முனையின் திறப்பிலும் அது தெரிந்தால் எறிய வேண்டியதுதான்.

பாதுகாப்பாக வைப்பதால் சுருட்டின் கேடு குறைவதில்லை. புகையை உள்ளே இழுக்காதவருக்கும் வாய்ப்புற்று வரக்கூடும். அதையும் அந்த யோசனைக்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்க வேண்டும்.

கோடைப் பார்சல்கள் வரத் தொடங்குமுன் இந்தத் திருத்தத்தை அதே பகுதியில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், ஈரோடு